திரையைப் பார்த்து சால்டரிங்: குறி தவறியதைச் சரிசெய்த விதம்

யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் படத்தைத் திரையில் பார்த்து சால்டரிங் (சூடான அயர்னால் உலோகத்தை உருக்கி மின்னணுப் பாகங்களை போர்டில் ஒட்டுவது) செய்யும்போது, அயர்ன் முனை பேடை, அதாவது பாகம் ஒட்ட வேண்டிய உலோகப் புள்ளியை, தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பார்க்கக் கை நடுக்கம் போலத்தான் இருக்கும்.

முதலில் திசையைச் சோதித்தேன். பென்சில் முனையை லென்ஸின் கீழ் வைத்து முன்னோக்கித் தள்ளினால், திரையில் அது நேர் மேலே போக வேண்டும். சாய்ந்து போனால் கேமராவைத் திருப்புங்கள். என் கைக்கு 90 டிகிரி திரும்பிய படம்தான் மிகவும் கஷ்டம்.

பெரிய கோளாறு தாமதம். படம் 0.1 நொடி பிந்தினாலே, முனை இன்னும் வந்து சேரவில்லை என்று மூளை கையை மேலும் தள்ளும். தாண்டியது தெரிந்ததும் பின்னால் இழுக்கும். அந்த ஆட்டம்தான் நடுக்கமாகத் தெரிகிறது. தாமதத்தைக் குறைக்க ரெசல்யூஷனை 1920×1080இலிருந்து 640×480க்கு இறக்கினேன். வெளிச்சம் குறைந்தால் கேமரா எக்ஸ்போஷரை (ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை வாங்கும் நேரத்தை) நீட்டும், நொடிக்கு வரும் பிரேம்கள் குறையும். அதனால் விளக்கைக் கூட்டி ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்தேன். முனை கையோடு வரத் தொடங்கியது.

ஜூமை அடிக்கடி மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கை தூரத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

பிறகு பழைய போர்டில், சூடில்லாத அயர்னால் பேடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பழகுங்கள். அடுத்தவர் கையைப் பிடித்து நடத்தினால் பலன் குறைவு. 1963இல் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஹெல்டும் ஆலன் ஹைனும் பூனைக்குட்டிகளிடம் கண்டதும் இதை ஒட்டியதே: தானே நடந்த குட்டி பார்வையால் அடியெடுத்து வைக்கக் கற்றது, அதே காட்சியைத் தொட்டிலில் சுமக்கப்பட்டபடி பார்த்த குட்டி கற்கவில்லை.

திரையை விட்டு நேரில் பார்த்து வேலை செய்யும் முதல் சில அசைவுகளிலும் குறி சற்றுத் தவறலாம். சூடான அயர்னை அப்போது மெதுவாக நகர்த்துங்கள்.