டெக்ஸாஸ் கடை பில்லுல வர்ற 8.25%: அதுல நம்ம சிட்டிக்கு போற காசை தேடிப் பிடிக்கிறது எப்படி

அப்பா ஊர்ல இருந்து நாங்க இருக்கிற ஃபிரிஸ்கோ (டாலஸ் பக்கத்துல ஒரு ஊர்) வந்திருந்தப்ப மூணாவது நாளே கேட்டார், "ஏம்ப்பா, இங்க பஸ் எங்க நிக்கும்?" நிக்காதுப்பா, அந்த மாதிரி ரூட் பஸ்ஸே இங்க கிடையாதுனு சொன்னேன். அடுத்த வாரம் பக்கத்து ஊர் பிளேனோல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனோம், அங்க பார்க்கர் ரோடு ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி நேரா டவுன்டவுன் டாலஸ் போயிட்டு வந்தோம், அவருக்கு ஒரே சந்தோஷம். திரும்பி வந்து ரெண்டு ஊர் கடை பில்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிட்டு (மனுஷன் முப்பது வருஷம் கணக்கு எழுதினவர்), "ரெண்டு ஊர்லயும் அதே 8.25 சதவீதம் சேல்ஸ் டாக்ஸ் தானடா போட்டிருக்கான், அப்புறம் அவங்களுக்கு மட்டும் எப்படி ட்ரெயின்?"னு கேட்டார். எனக்கு அப்ப பதில் தெரியல. அதுக்கப்புறம் தேடித் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன், உங்க ஊருக்கும் இதே மாதிரி நீங்களே பார்த்துக்கலாம்.

மொதல்ல 8.25-ஐ ரெண்டா உடைங்க. 6.25 ஸ்டேட்டுக்கு, அதை விட்டுடுங்க, அது தலைநகர் ஆஸ்டினுக்குப் போயிடும். மீதி 2 இருக்கு பாருங்க, அதான் லோக்கல். டெக்ஸாஸ் சட்டப்படி லோக்கல்ல எத்தனை பேர் சேர்ந்து வரி போட்டாலும் மொத்தம் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சிட்டி, கவுன்ட்டி, பஸ்-ட்ரெயின் நடத்துற அமைப்பு, ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் எல்லாருக்கும் சேர்த்துதான் இந்த 2. இந்த ஏரியால பெரும்பாலான ஊர் அந்த 2-ஐ முழுசா போட்டுட்டாங்க, அதனாலதான் எங்க போனாலும் பில்லுல ஒரே நம்பர் தெரியுது, ஆனா உள்ள பங்கு பிரிக்கிறது ஊருக்கு ஊர் வேற.

இப்ப ஒரு பில் எடுங்க, இந்தியன் க்ரோசரி பில்லா இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா அதுல ரெண்டு வகையும் கலந்து இருக்கும். அரிசி மூட்டை, துவரம்பருப்பு, கத்திரிக்காய், தேங்காய் இதுக்கெல்லாம் டாக்ஸ் கிடையாது, வீட்டுல சமைக்கிற சாப்பாட்டு சாமானுக்கு டெக்ஸாஸ்ல விலக்கு. ஆனா அதே கடையில சூடா வாங்கிச் சாப்பிட்ட சமோசாவுக்கு உண்டு, கூல் டிரிங்க்ஸுக்கு உண்டு, ஊதுபத்திக்கு உண்டு, குக்கருக்கு உண்டு. சாமிக்கு உடைக்கிற தேங்காய்க்கு வரி இல்ல, ஏத்துற ஊதுபத்திக்கு வரி, எங்க அம்மாவுக்கு இது இன்னைக்கு வரைக்கும் ஜீரணிக்கல. நிறைய கடையில டாக்ஸ் போட்ட ஐட்டம் பக்கத்துல மட்டும் ஒரு எழுத்து அடிச்சிருப்பான், அதை வெச்சு பேனால சுழிச்சுக்கங்க. ஒரு தடவை ஒரு கடையில தேங்காய்க்கும் சேர்த்து டாக்ஸ் போட்டுட்டாங்க, கேட்டதும் கம்ப்யூட்டர்ல தப்பா ஏத்திட்டோம்னு சொல்லி திருப்பிக் கொடுத்தாங்க, சில்லறைக் காசுதான், இருந்தாலும் கேட்கலாம் தப்பில்ல.

கணக்கு இப்படி: குக்கர் 40 டாலர், சமோசா 5, ஊதுபத்தி 3, கூல் டிரிங்க்ஸ் 2, ஆக டாக்ஸ் விழற சாமான் 50 டாலர். அதுக்கு 8.25 சதவீதம் 4 டாலர் 13 சென்ட். அதுல ஸ்டேட்டுக்கு 3.13 போக லோக்கலுக்கு சரியா 1 டாலர். இந்த ஒரு டாலரைத்தான் நாம துரத்திட்டுப் போகணும்.

பிளேனோல வாங்கியிருந்தா இதுல 50 சென்ட் சிட்டிக்கு, 50 சென்ட் டார்ட்டுக்கு. டார்ட்னா டாலஸ் ஏரியா பஸ், ட்ரெயின் நடத்துறவங்க, 1983-ல மக்கள் ஓட்டுப் போட்டு ஆரம்பிச்சது, மெம்பரா இருக்கிற ஒவ்வொரு ஊரும் 1 சதவீதம் கொடுக்குது. ஃபிரிஸ்கோல வாங்கியிருந்தா 50 சென்ட் சிட்டிக்கு, அது அதேதான், ஆனா மீதி 50 ரெண்டா பிரிஞ்சு 25 சென்ட் எகனாமிக் டெவலப்மென்ட் கார்ப்பரேஷனுக்கும் 25 சென்ட் கம்யூனிட்டி டெவலப்மென்ட் கார்ப்பரேஷனுக்கும் போகுது. முதலாவது கம்பெனிகளை ஊருக்குள்ள கொண்டு வர்ற வேலை, ரெண்டாவது பார்க், ஸ்போர்ட்ஸ் மாதிரி விஷயங்கள். அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், பிளேனோக்காரங்க அந்த ஒரு சதவீதத்தை ட்ரெயின்ல போட்டாங்க, நம்ம ஊர் அதை கம்பெனியிலயும் பார்க்லயும் போட்டுடுச்சு, லிமிட்டும் தீர்ந்து போச்சு, இனி ட்ரெயின் வேணும்னா இதுல ஏதாவது ஒண்ணை நிறுத்தினாத்தான் உண்டு.

எது சரினு என்னைக் கேட்டா, பஸ் இல்லாத ஊர்ல வயசானவங்களைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கிட்டா அவங்க வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்க வேண்டியதுதான், அதனால என் ஓட்டு ட்ரெயினுக்கு. ஆனா பிளேனோ பக்கமே நாங்க கொடுக்கிறது அதிகம், எங்களுக்குத் திரும்பி வர்றது கம்மினு டார்ட் மேல ரொம்ப நாளா புலம்பல் இருக்கு, அதையும் சொல்லணும்ல.

இதே ஏரியால இருக்கிற ஆர்லிங்டன் கதை இன்னும் வேடிக்கை. அங்கயும் 8.25 தான், சிட்டிக்கு 1 சதவீதம், ரோடு பராமரிப்புக்கு கால் சதவீதம், எகனாமிக் டெவலப்மென்ட்டுக்கு கால், ஸ்டேடியத்துக்கு அரை. ஆமா ஸ்டேடியத்துக்கு. 2004-ல கவ்பாய்ஸ் ஃபுட்பால் டீமுக்கு ஸ்டேடியம் கட்ட மக்களே ஓட்டுப் போட்டு இந்த அரை சதவீதத்தைக் கொண்டு வந்தாங்க, அப்புறம் 2016-ல ரேஞ்சர்ஸ் பேஸ்பால் டீமுக்குப் புது ஸ்டேடியம்னு அதே வரியைத் தொடர விட்டாங்க. அந்த ரோடு வரி மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான், காலம் முடிஞ்சா திரும்ப ஜனங்ககிட்ட ஓட்டுக்கு வரணும், எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிச்சிருக்கு.

உங்க ஊருக்குப் பார்க்கணும்னா ஸ்டேட் கம்ப்ட்ரோலர், அதாவது மாநில வரி ஆபீஸ், சைட்டுக்குப் போங்க (வசூல் பண்றதே அவங்கதான், சிட்டி இல்ல). அதுல அட்ரஸ் கொடுத்தா ரேட் காட்டற பக்கம் ஒண்ணு இருக்கு, கடை அட்ரஸைக் கொடுங்க, வீட்டு அட்ரஸை இல்ல, ஏன்னா நேர்ல போய் வாங்கினா கடை எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊருக்குத்தான் காசு. யார் யாருக்கு எத்தனைனு பேர் பேரா வரும். அதே சைட்லயே மாசா மாசம் ஒவ்வொரு சிட்டிக்கும் எவ்வளவு அனுப்பினாங்க, போன வருஷம் இதே மாசம் எவ்வளவுனு லிஸ்ட்டும் இருக்கு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, அக்டோபர்ல நீங்க தீபாவளிக்கு வாங்கினதை கடைக்காரர் நவம்பர் 20-க்குள்ள கட்டுவார், சிட்டி கைக்கு டிசம்பர்லதான் வரும், அதனால லிஸ்ட்ல இருக்கிற மாசத்துக்கும் வியாபாரம் நடந்த மாசத்துக்கும் ரெண்டு மாசம் இடைவெளி. சின்னக் கடைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை கட்டறதும் உண்டு. வசூல் பண்ணிக் கொடுத்ததுக்கு கூலியா ஸ்டேட் லோக்கல் பங்குல 2 சதவீதம் எடுத்துக்கும், நம்ம ஒரு டாலர்ல அது 2 சென்ட். சரியான தேதியில கட்டற கடைக்காரருக்கும் அரை சதவீதம் கழிவு உண்டு.

எல்லா செலவும் உங்க ஊருக்கு உதவும்னு நினைக்காதீங்க. 30,000 டாலருக்குக் கார் வாங்கினா 6.25 சதவீதம், 1,875 டாலர் டாக்ஸ், அதுல சிட்டிக்கு ஒரு பைசா கிடையாது, மொத்தமும் ஸ்டேட்டுக்கு. பெட்ரோலும் அப்படித்தான், அது கேலனுக்கு 20 சென்ட்னு தனி ஸ்டேட் வரி. சிட்டிக்காரங்க ஏன் காலி இடத்தைப் பார்த்தா ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் வரட்டும்னு அலையறாங்க, ஃபிரிஸ்கோல இருக்கிற ஸ்டோன்பிரையர் மால் மாதிரி ஒண்ணு இருந்தா பக்கத்து ஊர்க்காரன் வந்து வாங்கினாலும் வரி இங்க நிக்கும், அதான்.

அடுத்தது அந்த 50 சென்ட் சிட்டிக்குள்ள போய் என்ன ஆகுதுனு பார்க்க சிட்டியோட பட்ஜெட் பிடிஎஃப்பை இறக்கிக்கங்க. நானூறு ஐநூறு பக்கம் இருக்கும்னு பயப்படாதீங்க, ஜெனரல் ஃபண்ட்னு தேடுங்க, அதுல வரவுல சேல்ஸ் டாக்ஸ் ஒரு வரி, ப்ராப்பர்ட்டி டாக்ஸ் ஒரு வரி இருக்கும், செலவுல போலீஸ், ஃபயர், லைப்ரரி, பார்க், ரோடு எல்லாம் வரும். இதுல மொத்தமா கலந்துடும், இந்த சமோசா காசு அந்த லைப்ரரிக்குனு பிரிக்க முடியாது. தண்ணி, குப்பை இதுல வராது, அது மாசா மாசம் கட்டற பில்லுல தனியா ஓடுது. ஸ்கூலும் வராது, அது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோட ப்ராப்பர்ட்டி டாக்ஸ். முன்னாடி சொன்ன அந்த ரெண்டு டெவலப்மென்ட் கார்ப்பரேஷனுக்கும் தனி பட்ஜெட், தனி போர்டு, அதுல யாருமே எட்டிப் பார்க்கிறதில்ல, ஆனா சுவாரசியமான செலவெல்லாம் அங்கதான் இருக்கு. ஃபிரிஸ்கோல பெரிய ஆர்ட்ஸ் சென்டர் கட்டலாம்னு 2025 மே மாசம் ஓட்டுக்கு விட்டப்ப ஜனங்க வேணாம்னுட்டாங்க.

பெரும்பாலான சிட்டிக்கு பட்ஜெட் வருஷம் அக்டோபர் 1-ல ஆரம்பிக்குது, அதனால ஆகஸ்ட், செப்டம்பர்ல பப்ளிக் ஹியரிங் வைப்பாங்க. ஓட்டுப் போட சிட்டிசனா இருக்கணும், ஆனா அங்க போய்ப் பேசறதுக்கு விசா எல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க, ஹெச்1பில இருந்தாலும் போகலாம். பேர் எழுதிக் கொடுத்துட்டு உட்கார்ந்தா கூப்பிடுவாங்க, நேரம் கொஞ்சம்தான் தருவாங்க, அதனால கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, அந்த 50 டாலர் பில்லையும் கையில வெச்சுக்கங்க.