டவுன்லோடு போட்டால் கம்ப்யூட்டர் நின்றுவிடுகிறதா? ஃபார்மேட் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்

அக்கா வீட்டு டெஸ்க்டாப்பில் ஆறு மாதமாக ஒரே தொல்லை. வேர்டில் எழுதினால் ஒன்றும் ஆகாது, படம் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. அக்கா மகன் பாட வீடியோக்களை டவுன்லோடு போட்டால் மட்டும் பத்து நிமிடத்தில் நீலத் திரை ஒரு நொடி மின்னி மறையும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். கடையில் கொடுத்தார்கள். ஃபார்மேட் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஓடியது, மறுபடி அதே கதை. இன்னொரு முறை ஃபார்மேட். இந்த முறை அம்மா இருந்தபோது எடுத்த போட்டோக்களும் சேர்ந்து போய்விட்டன.

கடைசியில் கோளாறு விண்டோஸில் இல்லை, நெட்வொர்க் கார்டை இயக்கும் மென்பொருளான நெட்வொர்க் டிரைவரில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆனது. அந்தப் போட்டோக்கள் திரும்ப வரப்போவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று நடக்கக் கூடாது என்றுதான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் எளிது. டவுன்லோடு என்பது ஒரே வேலை மாதிரித் தெரிந்தாலும் உள்ளே நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலை. நெட்வொர்க் கார்டு தரவை வாங்குகிறது. அது ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் வந்து உட்காருகிறது. பிராசசர் அதன் பூட்டைத் திறக்கிறது, ஆன்டிவைரஸ் சோதிக்கிறது. அப்புறம் ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ எழுதப்படுகிறது. இந்த நாலில் ஒருவர் தடுமாறினாலும் மொத்தமும் நின்றுவிடும். யார் தடுமாறுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. கண்டுபிடிக்காமல் ஃபார்மேட் போடுவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமலேயே பிடுங்குவது மாதிரி.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். தொடங்கும் முன் முக்கியமான போட்டோ, ஆவணம் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி எடுத்து வைத்துவிடுங்கள். டிஸ்க்தான் கெட்டுப்போகிறது என்றால் ஒவ்வொரு சோதனையும் அதற்குச் சுமைதான். எனவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

பிரவுசர் மட்டும் மூடிக்கொண்டு மற்றதெல்லாம் ஓடினால் அது பிரவுசர் பிரச்சினை. எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், வேறொரு பிரவுசரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

நீலத் திரை வந்தால் டிரைவர் அல்லது ராம் மீது சந்தேகம். (2025 முதல் விண்டோஸ் 11 இந்தத் திரையைக் கறுப்பு நிறத்துக்கு மாற்றிவிட்டது. கறுப்பாக வந்தாலும் அதே திரைதான்.) எந்தத் திரையும் வராமல், சுவிட்சை அணைத்தது போல் பட்டென்று நின்றால் சூடு அல்லது பவர் சப்ளை. மவுஸ் மெல்ல மெல்ல இழுத்து, டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்து, எல்லாம் உறைந்துபோனால் டிஸ்க்.

இது முதல் ஊகம்தான். இதை வைத்துக்கொண்டு எதையும் வாங்கிவிட வேண்டாம்.

படி 2: கம்ப்யூட்டரே எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள்

நீலத் திரையைப் படிக்கும் முன்பே ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதா? ஸ்டார்ட் மெனு தேடலில் 'அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பெட்டியில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்ற பகுதிக்குக் கீழே உள்ள செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தி, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். இனி திரை அப்படியே நிற்கும், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே நடந்ததையும் பார்க்கலாம். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து 'ஈவென்ட் வியூவர்' திறங்கள். இடப்பக்கம் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. வலப்பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' அழுத்தி, ஈவென்ட் ஐடி கேட்கும் கட்டத்தில் 41 என்று போடுங்கள். முறையாக ஷட்டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்ற ஒவ்வொரு முறையும் இந்த 41 பதிவாகும்.

புதிதாகப் பார்ப்பவர்கள் 'கெர்னல் பவர்' என்ற அதன் பெயரைப் பார்த்து உடனே பவர் சப்ளையை மாற்றக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்தப் பதிவின் 'டீட்டெய்ல்ஸ்' பக்கத்தில் 'பக்செக் கோட்' என்று ஒரு எண் இருக்கும், அதுதான் முக்கியம். 0 என்றால் நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை. மின்சாரம், சூடு, அல்லது முழுக்க உறைந்துபோனது. 209 என்றால் டிரைவர் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. டவுன்லோடின்போது வந்தால் முதல் சந்தேகம் நெட்வொர்க் டிரைவர் மீதுதான். 26 என்றால் நினைவக நிர்வாகத்தில் கோளாறு, ராமைப் பாருங்கள். 122 என்றால் டிஸ்க்கிலிருந்து தரவைத் திரும்பப் படிக்க முடியவில்லை.

அக்கா வீட்டில் 41 வரிசையாகப் பதினொன்று இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பதினொன்றிலும் 209. அந்த நிமிடமே ஃபார்மேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துவிட்டது.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் நிர்சாஃப்ட் தரும் ப்ளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். நீலத் திரை வரும்போது விண்டோஸ் சி டிரைவில் தன் ஃபோல்டருக்குள் எழுதி வைக்கும் மினிடம்ப் கோப்புகளை அது படித்து, எந்த டிரைவர் மீது சந்தேகம் என்று காட்டும். அங்கே என்டிஐஎஸ், டிசிபிஐபி என்ற பெயர்கள் வந்தால் அவற்றையே குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். அவை விண்டோஸின் சொந்தக் கோப்புகள். பெரும்பாலும் கார்டின் டிரைவரோ ஆன்டிவைரஸோ கொடுத்த தவறான தரவில் அவை மாட்டிக்கொள்கின்றன.

படி 3: பிரித்துப் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சோதனைக்கு எப்போதும் ஒரே கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தின் அதிகாரப்பூர்வத் தளத்தில் கிடைக்கும் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓ கோப்பு 5 ஜிபிக்கு மேல் இருக்கும், இதற்கு வசதி. முதலில் வழக்கம்போல் டவுன்லோடு போட்டு, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

அடுத்து நெட்வொர்க்கை விலக்குங்கள். வைஃபையை அணைத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு, அதே அளவு கோப்புகளைப் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். (பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. சிறு சிறு வீடியோக்களாக எடுத்துக்கொள்ளுங்கள்.) இதிலும் நின்றால் நெட்வொர்க்கை மறந்துவிட்டு டிஸ்க், ராம், சூடு என்று தேடலாம்.

காப்பி செய்யும்போது நிற்கவில்லையா? அப்படியானால் நெட்வொர்க் கார்டை மட்டும் விலக்கிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அந்த இணைப்பையே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும், மொபைல் டேட்டா செலவாகாது. கம்ப்யூட்டரின் வைஃபையும் கேபிளும் அணைந்திருக்க வேண்டும். இப்போது அதே கோப்பை டவுன்லோடு போடுங்கள். முழுதாக இறங்கிவிட்டால் கோளாறு நெட்வொர்க் கார்டிலோ அதன் டிரைவரிலோ இருக்கிறது. வேகம் ரொம்பக் குறைவாக இருந்தால் மட்டும் இந்த முடிவை முழுதாக நம்ப வேண்டாம், சுமையே குறைந்திருக்கலாம்.

எங்கள் சோதனையில் பென்டிரைவ் காப்பி மூன்று முறையும் ஓடியது. டெதரிங்கில் 5 ஜிபியும் இறங்கியது. கேபிளைத் திரும்பச் செருகி டவுன்லோடு போட்டோம், ஒன்பதாவது நிமிடம் நீலத் திரை. அக்கா மகன் தாளில் "9" என்று எழுதி வட்டம் போட்டான்.

படி 4: நெட்வொர்க் டிரைவர் என்று தெரிந்தால்

கம்ப்யூட்டரில் டவுன்லோடு முழுதாக இறங்காது என்பதால் டிரைவரைப் போனில் இறக்கிப் பென்டிரைவ் வழியாக மாற்றுங்கள். லேப்டாப் என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு எடுங்கள். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்றால் மதர்போர்டின் மாடல் எண்ணைப் பாருங்கள், போர்டிலேயே அச்சிட்டிருக்கும். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். பொருந்தாத டிரைவரை ஏற்றி, இருக்கும் பிரச்சினையோடு இன்னொன்றையும் சேர்த்துவிடும்.

ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக், 'டிவைஸ் மேனேஜர்', அதில் 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்'. உங்கள் கார்டின் மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் பல பக்கங்கள் உள்ள பெட்டி வரும். 'டிரைவர்' பக்கத்தில் டிரைவரின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தொல்லை சமீபத்திய அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் அங்கேயே உள்ள 'ரோல் பேக் டிரைவர்' போதும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை என்று அர்த்தம். அப்போது தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவுங்கள்.

'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்ற அனுமதியின் டிக்கை எடுத்துவிடுங்கள். 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' இருந்தால் அதையும் 'டிசேபிள்டு' ஆக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றியதும் அதே கோப்பைப் போட்டுப் பாருங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

டிரைவர் மாற்றியும் போகவில்லை என்றால் தனியாக நிறுவிய ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸின் சொந்த டிஃபென்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும். அதற்கும் அசையவில்லை என்றால் கார்டே பழுதாகியிருக்கலாம். யுஎஸ்பியில் செருகும் நெட்வொர்க் அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும், மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை.

படி 5: காப்பி செய்தாலும் நின்றால்

முதலில் டிஸ்க். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் 'குட்' என்றோ 'காஷன்' என்றோ காட்டும். ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5, சி6 என்ற வரிகளில் எண் ஏறியிருந்தால் டிஸ்க் தேய்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். தரவைக் காப்பாற்றிவிட்டு மாற்றிவிடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் 'திஸ் பிசி'யில் சி டிரைவின் மேல் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டூல்ஸ்', 'செக்'. சி டிரைவில் கொஞ்சமாவது காலி இடமும் வேண்டும்.

அடுத்து ராம். தேடலில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று போட்டு ரீஸ்டார்ட் செய்தால் அதுவே சோதிக்கும். பிழை காட்டினால், டெஸ்க்டாப்பில் பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, ராமைக் கழற்றுங்கள். அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள்.

பட்டென்று அணையும் கம்ப்யூட்டரில் தூசியைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். லேப்டாப்பை மெத்தையில் வைத்து டவுன்லோடு போட்டால் காற்று போகும் வழி அடைபடும். அதற்கும் தொல்லை தீரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பவர் சப்ளை பெட்டியை, வேறொன்று மாற்றிச் சோதிக்க வேண்டும். இதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது, பிளக் இல்லாவிட்டாலும் உள்ளே ஷாக் அடிக்கும்.

சரி ஆகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? பாதியில் நின்ற பழைய கோப்புகளை அழித்துவிட்டு, அதே ஐஎஸ்ஓவை இரண்டு முறை முழுதாக இறக்குங்கள். ஒரு வாரம் கழித்து ஈவென்ட் வியூவரில் 41 போட்டுப் பாருங்கள். அக்கா வீட்டில் டிரைவர் மாற்றிய தேதிக்குப் பிறகு ஒரே ஒரு 41 இருந்தது. பக்செக் கோட் 0. விசாரித்தால், அன்று தெருவில் கரண்ட் போயிருக்கிறது.