நேற்று ராத்திரி வந்த கனவுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது எப்படி

காலையில் கண் விழித்ததும் "பாம்பு கனவில் வந்தால் என்ன பலன்" என்று போனில் தேடுகிறவர்கள் நம்மில் நிறைய பேர். ஒரு வீடியோவில் பணம் வரும் என்பார்கள், இன்னொன்றில் எதிரி தொல்லை என்பார்கள், மூன்றாவதில் நாக தோஷம், உடனே பரிகாரம் செய்ய வேண்டும் என்று சொல்லி கீழே ஒரு நம்பரும் ஓடும். பல் விழுந்தால் வீட்டில் சாவு, கல்யாணம் கண்டால் கெட்டது, சாவு கண்டால் ஆயுசு கெட்டி என்று கடலூரிலும் பாண்டியிலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். நம் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் பாம்பு பிடிக்கிறவருக்கு வரும் பாம்பும், மழை நாளில் குளியலறையில் நல்ல பாம்பைப் பார்த்து அலறியவருக்கு வரும் பாம்பும் எப்படி ஒரே பலனைச் சொல்லும்? கனவுக்கு அர்த்தம் உண்டு என்பதை நான் முழுசாக நம்புகிறேன். அதைக் கனவு கண்டவரின் போன ஒரு வாரத்து வாழ்க்கையில் தேட வேண்டும், பட்டியலில் தேடினால் கிடைக்காது. எப்படித் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கனவு எப்போது வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை சுலபம். தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. சுற்றின் கடைசியில், மூடிய இமைக்குள் கண்விழி வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தூக்க ஆராய்ச்சியாளர்கள் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைப் பற்றி எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ராத்திரிக்கு நாலைந்து தடவை இது வருகிறது, முதல் தடவை சில நிமிடம்தான், விடியற்காலையில் அரை மணி நேரம்கூட நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று சொல்வார்களே, அதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அந்த நேரத்துக் கனவுதான் நீளமானது, அது முடிவதற்குள் விழிப்பும் வந்துவிடுகிறது, அதனால் மனதில் நிற்கிறது. மனதில் நிற்கிற கனவைத்தானே பலித்தது பலிக்கவில்லை என்று நம்மால் பேசவே முடியும். "எனக்குக் கனவே வராது" என்கிறவர்களுக்கும் வருகிறது, தங்குவதில்லை, அவ்வளவுதான். அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போய் புழுக்கத்தில் நாலு தடவை எழுந்த ராத்திரியில் மட்டும் கனவு நிறைய நினைவிருப்பதும் இப்படித்தான்.

கண்விழி அசையும் அந்தக் கட்டத்தில் மூளையில் பயம், கோபம், ஆசை சம்பந்தப்பட்ட பகுதிகள் முழு வேகத்தில் வேலை செய்கின்றன, இது நடக்குமா நடக்காதா என்று யோசிக்கிற முன்பகுதி அடங்கிக் கிடக்கிறது. அதனால் செத்துப்போன தாத்தா வந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் நம்மோடு பஸ் ஏறினாலும் தப்பாகவே தோன்றாது. கனவில் கதை முன்னுக்குப் பின் முரணாக இருக்கும், உணர்ச்சி மட்டும் அப்பட்டமாக இருக்கும். அர்த்தம் தேடும்போது பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி அந்த உணர்ச்சிதான்.

சரி, கனவைப் பிடிப்பது எப்படி? விழித்ததும் அசையாதீர்கள். புரண்டு படுக்காதீர்கள், போனை எடுக்காதீர்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்து அன்னை தன்னிடம் கேட்டவர்களுக்குச் சொன்ன வழியும் இதுதான்: அப்படியே அசையாமல் கிடந்து, கனவின் வால் நுனி ஏதாவது கையில் சிக்கினால் அதைப் பிடித்து மெதுவாகப் பின்னோக்கி இழுப்பது. கடைசிக் காட்சி முதலில் வரும், அதற்கு முந்தையது அதற்கப்புறம் வரும். எதுவுமே சிக்கவில்லையா, எந்த உணர்ச்சியோடு விழித்தோம் என்பதையாவது பாருங்கள், பதற்றமா, ஏக்கமா, வெட்கமா. சில நிமிடம் விட்டால் பெரும்பகுதி கரைந்துவிடும். தலைமாட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும், இருட்டில் கோணலாகக் கிறுக்கினாலும் பரவாயில்லை. எழுதச் சோம்பலாக இருந்தால் போனில் குரல் பதிவு செய்யலாம், ஆனால் வாட்ஸ்அப் பக்கம் கண் போனால் கனவு போய்விடும் என்பதால் நான் நோட்டையே சொல்வேன்.

எழுதும்போது நிகழ்காலத்தில் எழுதுங்கள்: "நான் படியில் நிற்கிறேன், தண்ணீர் ஏறுகிறது." இடம், ஆட்கள், அவர்கள் எந்த வயதில் வந்தார்கள், வெளிச்சம், வாசனை, யாராவது சொன்ன ஒரே ஒரு வார்த்தை, எல்லாம் எழுதுங்கள், அழகாக்காதீர்கள், இடைவெளி இருந்தால் கற்பனையால் நிரப்பாதீர்கள். அதன் கீழேயே நேற்று நடந்ததையும், ஐந்தாறு நாளுக்கு முன் மனதில் தைத்த சங்கதி ஏதாவது இருந்தால் அதையும் ஓரிரண்டு வரியில் எழுதிவிடுங்கள். கனவில் அதிகம் தலைகாட்டுவது முந்தின நாள் விஷயமும், கிட்டத்தட்ட ஒரு வாரம் பழசான விஷயமும் என்று தூக்க ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். நடுவில் இரண்டு மூன்று நாள் காணாமல் போய் மறுபடி வரும், அதனால்தான் "இது எங்கேயிருந்து வந்தது" என்று நமக்குப் பிடிபடுவதில்லை.

அடுத்தது கேள்வி கேட்பது. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் அத்தைக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. அரிசி டிரம்முக்குள் பாம்பு சுருண்டு படுத்திருக்கிறது, மூடியைத் திறந்தால் தலையைத் தூக்குகிறது, அத்தை மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டும் வந்துவிட்டார், கனவு நிற்கவில்லை.

"பாம்பைப் பார்த்தா பயமா இருந்துச்சா அத்தை?"

"பாம்பைப் பார்த்து இல்லப்பா. யாராவது வந்து மூடியைத் திறந்துடுவாங்களோன்னுதான்."

"அந்த டிரம்முல அரிசியைத் தவிர வேற என்ன வச்சிருக்கீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து போய் அரிசிக்குள் முழங்கை வரை கையை விட்டு, பால் கவரில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட நகைக்கடன் ரசீதை எடுத்து வந்து காட்டினார். மாமாவுக்குத் தெரியாமல் வளையலை அடகு வைத்திருக்கிறார், கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வாரமே மாமாவிடம் சொல்லிவிட்டார், இரண்டு பேருமாகப் போய் வட்டியைக் கட்டி மாற்றி வைத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது கேள்விகள் போன வழி. பாம்பு என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. பயம் எதன் மேல் என்று கேட்டேன், பிறகு கனவில் பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்த பொருளைப் பிடித்தேன். பாம்பு எல்லார் கனவிலும் வரும், அரிசி டிரம் அத்தையுடையது. உங்கள் கனவிலும் அப்படி உங்களுக்கு மட்டுமே சொந்தமான பொருள் ஒன்று இருக்கும், பழைய வீட்டு ஜன்னலோ, அப்பாவின் சைக்கிளோ. அதைப் பற்றி மனதில் வருவதையெல்லாம் எழுதுங்கள். பிறகு இதே உணர்ச்சி இந்த நாட்களில் விழித்திருக்கும்போது எங்கே வந்தது என்று கேளுங்கள். பதில் சரியா தப்பா என்று எப்படித் தெரியும் என்றால், சரியான பதில் வரும்போது நெஞ்சுக்குள் சட்டென்று ஒரு அசைவு தெரியும், அழுகைகூட வரலாம். அடுத்தவர் சொல்கிற அர்த்தம் எவ்வளவு சாமர்த்தியமாக இருந்தாலும் அந்த அசைவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள். யாராவது தன் கனவை உங்களிடம் சொன்னாலும் இதே மரியாதையைக் கொடுங்கள், கேள்வி கேளுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பரிகாரம் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் போய் விளக்கு போட்டால் மனம் லேசாகும் என்றால் தாராளமாகப் போங்கள். கனவைச் சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்ல, அவள் சோமகுண்டம், சூரியகுண்டம் இரண்டிலும் மூழ்கிக் மன்மதன் கோயிலான காமவேள் கோட்டத்தைத் தொழச் சொல்கிறாள். "பீடன்று", அதாவது அது பெருமையல்ல என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். தோழியிடம் மனம் விட்டுச் சொன்னாளே, அது முக்கியம். அதேபோல கனவை மட்டும் நம்பி நிலம் வாங்குவது, சம்பந்தத்தை முறிப்பது, ஒருவர் மேல் சந்தேகப்படுவது எதுவும் வேண்டாம்.

இறந்தவர்கள் வரும் கனவைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்பார்கள். அப்பா வந்து பசிக்கிறது என்றார், அம்மா வாசலில் நின்றுவிட்டு உள்ளே வராமல் போய்விட்டாள். திதி நெருங்கும்போதும், ஆடி அமாவாசைக்குச் சில்வர் பீச்சில் தர்ப்பணம் கொடுக்கப் போகிற நாட்களிலும் இது கூடுதலாக வருவது இயல்பு, மனம் அவர்களையே நினைத்துக்கொண்டிருக்கிறது. படையல் போடுங்கள், அது நல்ல காரியம். அதோடு ஒரு பக்கம் எழுதுங்கள்: அவர் எந்த வயதில் வந்தார், நோயில் படுத்த கோலத்திலா, நன்றாக இருந்த காலத்திலா, அவரிடம் சொல்லாமல் விட்டது என்ன. சொல்லாமல் விட்டதை அவருக்கே கடிதம் மாதிரி எழுதிவிடுங்கள். பலருக்கு அழுகை வரும், வரட்டும். நாளாக ஆக அவர் நல்ல கோலத்தில் வர ஆரம்பித்தால் துக்கம் ஆறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பரீட்சைக் கனவு, ஹால் டிக்கெட் தொலைவது, ஓட நினைத்தும் கால் நகராதது எல்லாம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் வருவது. அடுத்த சில நாளில் யாரோ நம்மை அளந்து பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

தண்ணீர்க் கனவு வேறு. நம் ஊரில் அதை லேசாகச் சொல்லிவிட முடியாது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் இருந்தவர்களுக்கு, 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயலில் கூரை பறந்தவர்களுக்கு, கனவில் வரும் தண்ணீரும் காற்றும் நடந்த சம்பவமே மறுபடி வருவதாக இருக்கலாம். அவர்களிடம் "கனவுதானே" என்று சொல்லாதீர்கள். இப்படித் திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கு மனநல மருத்துவர்கள் சொல்லித்தருகிற ஒரு பயிற்சி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கனவை எழுத வேண்டும், பிறகு அதில் எந்த இடத்தை வேண்டுமானாலும் நம் இஷ்டப்படி மாற்றி எழுத வேண்டும். தண்ணீர் வாசலுக்கு வருகிறது, ஆனால் வாசலில் படகு கட்டியிருக்கிறது, பிள்ளைகளை ஏற்றிவிட்டு நானும் ஏறுகிறேன், கயிற்றை அவிழ்க்கிறேன். மாற்றிய கதையைத் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும், பழையதை ஓட்டக் கூடாது. வாரக்கணக்கில் செய்தால் பலருக்குக் குறைகிறது. முதலில் சின்னக் கனவில் பழகிவிட்டு அப்புறம் பெரியதற்குப் போங்கள். எழுதும்போதே உடம்பு நடுங்கினால் தனியாகச் செய்ய வேண்டாம், கோரிமேடு ஜிப்மரிலோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் உதவி கேளுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ், இலவசம்) எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

விழிப்பு வந்தும் கை கால் அசையாமல், நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பதை அமுக்குவான் பேய் என்பார்கள். கனவுக் கட்டத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது, அது விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால் இப்படி ஆகும். தூக்கம் கெட்டவர்களுக்கும், நெய்வேலி மாதிரி ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். மூச்சை நிதானமாக விட்டு, ஒரே ஒரு விரலை அசைக்கப் பாருங்கள், சில நொடியிலிருந்து ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் விட்டுவிடும்.

அர்த்தம் தேடக் கூடாத கனவுகளும் உண்டு, டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. பிரஷருக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் கனவைக் கடுமையாக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லி மாற்றித் தரக் கேளுங்கள். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினாலும் கெட்ட கனவு கொட்டும், கூடவே கை நடுக்கம், உளறல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐம்பது வயது தாண்டியவர் தூக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துவது, உதைப்பது, பக்கத்தில் படுத்தவரை அடிப்பது என்று இருந்தால் நரம்பு டாக்டரைப் பாருங்கள், பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடம் முன்பே இது தெரியலாம். சின்னப் பிள்ளை படுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கண்ணைத் திறந்துகொண்டே அலறி, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது கனவே இல்லை, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி விழிப்பு. உலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், தானாக அடங்கித் தூங்கிவிடும், பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். விடியற்காலையில் அழுதுகொண்டே எழுந்து கதை சொல்கிற பிள்ளைக்குத்தான் கனவு. அந்தப் பிள்ளையிடம் கதையைக் கேளுங்கள், ஒரு தாளில் படம் வரையச் சொல்லுங்கள், அந்தப் பூதத்தை என்ன செய்யலாம் என்று அதனிடமே கேளுங்கள்.