பழைய வண்டியில் எஞ்சின் திணறல்: சென்சாரை மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் ஒரு நொடி மூச்சடைத்தாற்போல் தயங்கி, பிறகு திடீரென்று இழுக்கத் தொடங்குவதைத்தான் திணறல் என்கிறோம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியின் பதிவுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் தெரியும் பிழைக் குறியீட்டை நம்பி, அதில் பெயர் வந்த சென்சாரை உடனே வாங்கி மாட்டுவது பரவலான பழக்கம். ஆனால் அந்தக் குறியீடு, குறிப்பிட்ட மின்சுற்றிலிருந்து வந்த அளவு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

முதலில் திணறல் எப்போது வருகிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்து எழுதி வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பநிலை சென்சாரையும், நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் வந்தால் எஞ்சின் தண்டின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரையும் ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலையும் முதலில் சந்தேகிக்கலாம். மேட்டில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் மட்டும் வந்தால், சென்சார்களை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக், எரிபொருள் ஃபில்டர், பம்ப் அழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள்.

அடுத்து மின்சாரம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து அளந்தால், 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பேட்டரி நெகட்டிவ்வை எஞ்சினோடு இணைக்கும் எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் எந்தச் சென்சார் தரும் அளவையும் நம்ப முடியாது.

பழைய வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது காற்றுக் கசிவுதான். வெடித்த வேக்கம் ஹோஸ் (எஞ்சினின் காற்று உறிஞ்சும் பக்கத்தோடு இணைந்த ரப்பர் குழாய்) வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போனால், எஞ்சினுக்கு எரிபொருள் போதாது. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் அதை உண்மையாகவே அறிவிக்கிறது, நாமோ அந்தச் சென்சாரையே கழற்றி எறிகிறோம். நானும் ஒரு முறை அப்படிப் புதிய ஆக்சிஜன் சென்சார் மாட்டினேன். குற்றவாளியோ, காற்று அளவு சென்சாருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வாயிலான திராட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் மடிப்பில் இருந்த வெடிப்பு. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலிங்கில் மூடிக்கொண்டிருந்த அந்த வெடிப்பு, மிதித்ததும் எஞ்சின் அசைகையில்தான் வாய் திறந்தது. ஆகவே குழாயைக் கையால் வளைத்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள்.

ஸ்கேனர் இருந்தால் எரிபொருள் திருத்த அளவை, அதாவது கணினிப் பெட்டி எரிபொருளை எத்தனை விழுக்காடு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதைப் படியுங்கள். ஐடிலிங்கில் அது கூட்டல் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்து, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் இயல்புக்கு இறங்கினால் பெரும்பாலும் வேக்கம் கசிவு. சுற்றும் பாரமும் ஏற ஏறக் கூடினால் எரிபொருள் வரத்துக் குறைவோ அழுக்கடைந்த காற்று அளவு சென்சாரோ காரணமாகலாம். ஸ்கேனரை மாட்டும் பொதுவான ஓபிடி-2 இணைப்பு அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பியப் பெட்ரோல் கார்களில் 2001 முதலும் கட்டாயமானது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணித்தான் குறியீட்டைப் படிக்க வேண்டும்.

லேசாக மிதிக்கும்போது மட்டும் வரும் திணறலுக்கு, திராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் திராட்டில் சென்சாரே முதல் சந்தேகம், ஏனெனில் நாள்தோறும் அதிகம் உரசித் தேய்வது அதன் தொடக்கப் பகுதிதான். இக்னிஷனை மட்டும் போட்டு, சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வைத்துத் திராட்டிலை மிக மெதுவாகத் திறங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஏறத்தாழ 0.5 வோல்ட்டில் தொடங்கி 4.5 வோல்ட்டுக்கு அருகில் வரை இடறாமல் ஏற வேண்டும். நொடிப்பொழுது விழுந்து எழும் அளவை டிஜிட்டல் மீட்டர் தவறவிடலாம் என்பதால், முள் மீட்டர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

கூலன்ட் சென்சாரின் மின்தடை சூடேறும்போது குறைய வேண்டும்: பல வண்டிகளில் 20 டிகிரி செல்சியசில் இரண்டு, மூன்று கிலோ ஓமும், 80 டிகிரியில் சில நூறு ஓமும் இருக்கும், சரியான அளவுக்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். காற்று அளவு சென்சாரை அதற்கென உள்ள ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். உள்ளிருக்கும் மெல்லிய கம்பியைத் தொட்டால் அறுந்துவிடும்.

சென்சார் முனையில் அளவு சரியாக இருந்தும் கணினிப் பெட்டி முனையில் தவறாக இருந்தால், கோளாறு இடையிலுள்ள வயரிலோ கனெக்டரிலோதான். எஞ்சினை ஓடவிட்டு, சூடான பாகங்களிலும் சுழலும் பாகங்களிலும் கை படாமல், வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். எந்த வயரை அசைக்கும்போது எஞ்சின் தடுமாறுகிறதோ, பழுது பார்க்க வேண்டிய இடம் அதுவே.