படகின் பின்பலகை உளுத்ததை எப்படிக் கண்டுபிடித்தேன்

உவரியில் எங்களுக்கு ஒரு சின்ன பைபர் படகு உண்டு. பிள்ளைகளோடு கரையோரம் சுற்றிவரத்தான். போன வருஷம் வேகம் கொடுக்கும்போதெல்லாம் மோட்டார் லேசாகப் பின்னால் சாய்ந்தது. போல்ட்டை இறுக்கியும் அதே கதை.

கரையேற்றி, சுத்தியலின் மரப்பிடியால், மோட்டார் மாட்டியிருக்கும் பின்பலகையைத் தட்டினேன். ஓரங்களில் கணீரென்ற சத்தம்; போல்ட்டைச் சுற்றி மட்டும் 'பொத் பொத்'. பைபர் வேலை பார்க்கிற தம்பி வந்து ஒரு போல்ட்டை உருவினதும் துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் வடிந்தது.

"அண்ணாச்சி, உள்ளே கட்டை உளுத்துட்டு. மேலே பூசி மறைச்சிராதீங்க."

வெளியே ஒரு கீறல்கூட இல்லை! தோல்தான் பைபர், உள்ளே பிளைவுட். போல்ட் துளையில் தண்ணீர் புகாமலிருக்கப் பூசிய சீலன்ட் பசை விட்டுப்போனால் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். அலைக்கு நடுவே மோட்டாரோடு பலகை பிய்ந்தால் பிள்ளைகள் என்னாவார்கள்?

உட்பக்கத் தோலை வெட்டி, ஊறிய மரத்தைச் சுரண்டி எடுத்தோம். நன்றாகக் காயவிட்டு, படகுக்கான மெரைன் பிளைவுட்டை எபாக்சி என்ற பிசினில் ஒட்டி, மேலே கண்ணாடி இழை அடுக்கினோம். ஈரத்தோடு ஒட்டினால் பிடிக்கவே பிடிக்காது. போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் நிரப்பி, மறுபடி அளவுக்குத் துளைத்தோம். சீலன்ட் விட்டாலும் இனித் தண்ணீர் மரத்தைத் தொடாது.

அடிப்பாகத்தில் கொப்புளமோ, நட்சத்திரம்போல் விரியும் கீறலோ தெரிந்தாலும் அன்றைக்குப் படகை இறக்குவதில்லை.