ஈபி-1ஏ போடுகிறீர்களா? சைட்டேஷனை எண்ணாதீர்கள், படியுங்கள்

அமெரிக்காவில் என்ஜினீயரிங் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் ஈபி-1ஏ (அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான கிரீன் கார்டு பிரிவு) என்றதும் முதலில் கேட்பது, "எத்தனை சைட்டேஷன் வேண்டும்?" அதாவது, நம் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும் என்று. நானும் அதைத்தான் கேட்டேன். விதியில் அப்படி ஓர் எண்ணே கிடையாது.

இருப்பது 10 தகுதிகள். நோபல் மாதிரி ஒரு பெரிய விருது கையில் இல்லாதவர்கள் அவற்றில் 3-ஐயாவது காட்ட வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்குக் கைகொடுப்பவை பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகள், பிறர் கட்டுரைகளை ரிவ்யூ செய்தது, துறையில் பெரிய முக்கியத்துவம் உள்ள சொந்தப் பங்களிப்பு. முதல் இரண்டும் எளிது. ரிவ்யூவுக்கு அழைப்பு வந்தது மட்டும் போதாது. முடித்துக் கொடுத்ததற்கு ஜர்னல் அனுப்பிய நன்றி மின்னஞ்சலை எடுத்து வையுங்கள்.

மூன்றாவதில்தான் நான் மாட்டினேன்.

பாலங்களின் எஃகு வெல்டிங்கில் விழும் விரிசலை அல்ட்ராசோனிக் சென்சாரால் கண்டுபிடிப்பது என் வேலை. சைட்டேஷன் ஏறுவதை அழகான வரைபடமாகப் போட்டு, ஆறு பரிந்துரைக் கடிதங்களோடு ஐ-140 மனுவை அனுப்பினேன். விரைவாகப் பரிசீலிக்கப் பிரீமியம் கட்டணம் கட்டியிருந்ததால் 15 வேலை நாளுக்குள் பதில்: ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் ஆதாரம் கேட்டு ஒரு நோட்டீஸ். கட்டுரை வந்திருக்கிறது, மேற்கோளும் காட்டியிருக்கிறார்கள், சரி. அதனால் துறையில் என்ன மாறியது? நியாயமான கேள்விதான்.

அப்புறம்தான் என்னை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். மூன்று வாரம், ராத்திரி ராத்திரியாக. முக்கால்வாசி "[4–9]" என்று கும்பலோடு கோவிந்தா போட்டவை. ஆனால் ஒன்றில், வெயில் ஏற ஏற சிக்னல் நகர்வதைச் சரிக்கட்ட நான் எழுதிய முறையை எடுத்து, தங்கள் பாலத்தில் சோதித்து, முடிவை அட்டவணையாகவே போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, அந்த வரியை மஞ்சளில் தீட்டி, மேலே இரண்டே வரியில் விளக்கம் எழுதினேன். இப்படி ஏழு தேறின. வரைபடம் செய்யாததை அந்த ஏழு பக்கங்கள் செய்தன.

கடிதங்களையும் மாற்றினேன். முதலில் எல்லோருக்கும் ஒரே வரைவை அனுப்பியிருந்தேன். மூன்று கடிதங்களில் ஒரே புகழ்மாலை, ஒரே வார்த்தை. போதாததற்கு இருவர் என் இணை ஆசிரியர்கள். இரண்டாவது முறை, என்னை நேரில் பார்த்தே இராத ஆனால் என் முறையைப் பயன்படுத்தியவர்களுக்கு எழுதினேன். புகழ வேண்டாம், முன்பு என்ன சிக்கல் இருந்தது, இதை வைத்து என்ன செய்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கூச்சமாக இருந்தது. கேட்டவர்களில் பாதிப்பேர் எழுதித் தந்தார்கள்.

3 தகுதி தேறிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2010-இல் வந்த கசாரியன் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு இரண்டாம் கட்டம் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் நீங்களும் ஒருவரா என்று எடை போடுவார்கள். அதனால் உங்கள் சைட்டேஷனை உங்கள் துறையோடும் அந்தந்த ஆண்டோடும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். பாலத்துக்காரனின் 300-ம் மெஷின் லேர்னிங்காரரின் 300-ம் ஒன்றல்ல என்பது படிக்கும் அதிகாரிக்குத் தானாகத் தெரியாது.

கம்பெனி தயவு வேண்டாம், நீங்களே மனு போடலாம். அமெரிக்காவில் இதே வேலையைத் தொடர்வீர்கள் என்பதற்கு உங்கள் கையால் ஒரு திட்டம் எழுதி வையுங்கள். 2024 ஏப்ரலில் இருந்து ஐ-140 கட்டணம் 715 டாலரோடு, தானே மனு போடுபவர் தனியாக 300 டாலர் கட்ட வேண்டும் என்று வந்தது. அனுப்பும் அன்று ஜி-1055 கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-1-லும் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் வரிசை உண்டு. பழைய கம்பெனி வழியாக ஈபி-2 (இதற்கு அடுத்த பிரிவு) ஐ-140 அப்ரூவ் ஆகியிருந்தால், அந்த பிரயாரிட்டி தேதியை, அதாவது வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதியை, இங்கே கொண்டுவரலாம். அந்த அப்ரூவல் நோட்டீஸின் நகலை நான் மனுவிலேயே இணைத்து, தேதியைக் கவரிங் லெட்டரின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டேன்.