புதுப் பிள்ளை வந்த முதல் ராத்திரி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆயா, ஜூலுப் பிள்ளைகளுக்கு கோகோ. இரண்டும் பாட்டிதான். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

பிள்ளை வந்ததும் எல்லாவற்றையும் துவைக்கக் கை பரபரக்கும். குளிக்க வையுங்கள், சரி. ஆனால் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்த போர்வையைத் தண்ணீரில் போடாதீர்கள். வீட்டு வாசனை அதில்தான் ஒட்டியிருக்கும். ஒருமுறை நான் துவைத்துவிட்டேன். அந்தப் பையன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

கக்கூஸ் எங்கே, எந்த விளக்கு விடிய விடிய எரியும், நீங்கள் எந்த நாற்காலியில் இருப்பீர்கள் என்று காட்டுங்கள். கரண்ட் போனால் எடுக்க ஒரு டார்ச். "ஏன் வந்தே?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

தலையணைக்கு அடியில் ரொட்டி இருந்தால் திட்ட வேண்டாம். நாளைக்குச் சோறு உண்டோ இல்லையோ என்ற பயம் அது. மூடி போட்ட டப்பா ஒன்று கொடுத்து, தினம் இரண்டு துண்டு நீங்களே வையுங்கள். எறும்பும் வராது.

நடுராத்திரியில்தான் வாய் திறப்பார்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க ஆயா" என்றால் தலையாட்டிவிடாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் 38-ஆம் எண் சிறுவர் சட்டம், 110-ஆம் பிரிவு: அடித்துக் காயப்படுத்தினார்கள், பாலியல் கொடுமை செய்தார்கள், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால், இல்லத்தில் வேலை செய்பவர் தெரிவித்தே ஆக வேண்டும். அதற்குப் படிவம் 22. "உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பிள்ளை ஜூலுவில் சொன்னதை ஜூலுவிலேயே எழுதுங்கள்.

அப்படிப்பட்ட ராத்திரி விடிந்ததும் நேராக டாக்ஸி ஏறாதீர்கள். பகல் வேலைக்கு வருபவரோடு அரை மணி உட்கார்ந்து டீ குடித்தபடி மனதில் உள்ளதைச் சொல்லித் தீர்த்துவிடுங்கள். அந்த அரை மணிக்கும் சம்பளம் கேளுங்கள். எங்களுக்கு அது கிடைக்கவே இரண்டு வருஷம் ஆனது!

கை ஓங்கிவிடுவோமோ என்று தோன்றினால்? எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: "கெட்டில் போடு." கேட்டவர் காரணம் கேட்காமல் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார், சொன்னவர் சமையலறைக்குப் போய்விடுவார். பணிக்கு ஒரே ஆளை விட்டால் இது நடக்காது. இரண்டு பேர் வேண்டும்.

அந்தப் போர்வையா? பிள்ளையே ஒருநாள் "நாறுது ஆயா" என்று தூக்கிக்கொண்டு வரும். அதுவரை வெயிலில் போடுங்கள், அதன் கண்ணெதிரே.